காலிக் கட்டத்தில் வந்த பெயர்

இது நடந்தது. பேய் என்றால் அமாவாசை இருட்டு வேண்டும், ஒற்றைப் புளியமரம் வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று நினைப்பவர்கள் இத்தோடு எழுந்து போய்விடலாம். இது பட்டப்பகலில் நடந்தது. உச்சிவெயிலில், டியூப்லைட் வெளிச்சத்தில், ஒரு லாரி ஆபீஸில் நடந்தது. வெண்ணந்தூரில் சௌந்திரத்தின் வீட்டு டிரங்குப் பெட்டியில் இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் யாரும் இதுவரை சிரித்ததில்லை.

1989, மே மாதம். கத்திரி வெயில். சங்ககிரியில் நெடுஞ்சாலை ஓரம் அந்த ஆபீஸ். பெயர் எதற்கு? முதலாளி தங்கசாமி என்பது போதும். தானே ஸ்டியரிங் பிடித்து, ஒரு லாரியை ஒன்பது லாரி ஆக்கிய ஆள். ஊரில் எல்லோருக்கும் முன்னால் கம்ப்யூட்டர் வாங்கிவிட வேண்டும் என்று மெட்ராஸிலிருந்து ஒரு யூனிக்ஸ் மெஷினை இறக்கினார். இறக்கிச் சந்தனம், குங்குமம் வைத்து, துணி போட்டு மூடி வைத்தார். நான்கு மாதம் அது அப்படியே கும்பிடு வாங்கிக்கொண்டு இருந்தது. அதைத் தொடத் தெரிந்த முதல் ஆள் சௌந்திரம்தான். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது.

அவளைக் கோயமுத்தூரில் படிக்க வைத்தவன் அண்ணன் கந்தப்பன். அப்பா இல்லாத வீடு. கிணறு வற்றிய வருஷம் மண்வெட்டியை வைத்துவிட்டு லாரி ஏறியவன். ஆறடி ஆள், கேபினுக்குள் தலை குனிந்துதான் உட்காருவான். அதே ஆபீஸில்தான் அவனும் டிரைவர். அவளுக்கு இந்த உலகத்தில் அண்ணனைவிடப் பெரிதாக ஒன்றும் கிடையாது.

சௌந்திரத்தின் முதல் வேலை ட்ரிப் ஷீட். எந்த லாரி, எந்த ஊர், டிரைவர் யார், செகண்ட் டிரைவர் யார் என்று லாரியோடு போகிற காகிதம். அதன் வடிவம் ஒரு ஃபைலில் இருக்கும். பெயர் வர வேண்டிய இடங்களில் $DRIVER1, $DRIVER2 என்று டாலர் குறி போட்ட சொற்கள் மட்டும். யார் யார் என்ற அன்றைய விவரம் இன்னொரு ஃபைலில். அவள் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது மெஷினுக்கான கட்டளைப் பட்டியல், முதல் ஃபைலை வரி வரியாகப் படித்து அச்சடிக்கும். முதல் வாரம் அது டாலரை அப்படியே அச்சடித்துத் தள்ளியது. “ஏனம்மிணி, நாம டாலரா லோடு ஏத்தறோம்?” என்று முதலாளி கேட்டார். பிறகுதான் அவள் eval என்ற கட்டளையைச் சேர்த்தாள். அதற்குப் பின் ஒவ்வொரு வரியையும் மெஷின் இன்னொரு தடவை படித்தது. டாலர் சொல்லைக் கண்டதும் அந்தப் பெயருக்குள் என்ன இருக்கிறதோ அதைக் கூப்பிட்டுக் கொண்டுவந்து அங்கே உட்கார வைத்தது. உள்ளே ஒன்றும் இல்லையென்றால் கோபித்துக்கொள்ளாது. காலியாக விட்டுவிட்டு நகர்ந்துவிடும்.

அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. லாரி புறப்படும்போது முன்சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து, கேட்டில் நின்று ஷீட்டில் உள்ள பெயர்களை உரக்க வாசிப்பார்கள். பெயருக்கு உரியவர் கேபினிலிருந்து ‘இருக்கறேன்’ என்று குரல் கொடுக்க வேண்டும். ஒற்றை ஆளாகப் போகிற லாரிக்கு, இரண்டாவது டிரைவர் கட்டத்தில் கோடு போட்டுவிடுவார்கள். வாசல்காரர் மாதையனுக்கு அறுபது வயசு. இத்தனை வருஷம் வாசித்தவர் அவர்தான். கம்ப்யூட்டர் இங்கிலீஷில் அச்சடிக்க ஆரம்பித்ததும் வாசிக்கிற வேலை சௌந்திரத்திடம் வந்தது.

“ஏனுங்க அம்மிணி, ஒத்தை ஆளாப் போற வண்டிக்கு ரெண்டாங் கட்டத்துல உங்க மிசினு என்ன போடும்?”

“ஒண்ணும் போடாதுங்கண்ணா. காலியா உட்டுரும்.”

“காலியா உடப்படாதுங்க. கோடு போடச் சொல்லுங்க.”

“நாளைக்குப் பண்ணிடறனுங்க.”

பெரிய வேலை இல்லை. உள்ளே ஒன்றுமில்லை என்றால் கோடு போடு என்று சொல்ல, அந்த டாலர் சொல்லோடு நாலைந்து குறிகள் சேர்த்தால் முடிந்தது. ஆனாலும் அவள் சேர்க்கவில்லை. கிழவர் எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பார் என்று விட்டுவிட்டாள். இன்றைக்கும் அதை நினைத்துத் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

மே 8, திங்கட்கிழமை. காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை கரண்ட் கட். பன்னிரண்டு மணிக்கு கரண்ட் வந்தது. மெஷின் உயிர் பெற்று எழ எட்டு நிமிஷம். சரியாக 12.10க்கு பிரிண்டர் ஓடியது. நாக்பூருக்குப் போகும் லாரி. டிரைவர் ராசு மட்டும். சௌந்திரம் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு கேட்டுக்குப் போய், அதில் இருந்ததை அப்படியே அவசரமாக வாசித்தாள்.

“டிரைவர் ராசு!”

“இருக்கறனுங்க.”

“செகண்ட் டிரைவர் ஆண்டி!”

மாதையன் கையிலிருந்த எலுமிச்சம்பழம் கீழே விழுந்து உருண்டது. யாரும் பதில் சொல்லவில்லை. கேபினின் இடதுபக்கக் கதவு மட்டும்... ‘டப்’ என்று சாத்திக்கொண்டது.

காற்று இல்லை. வேப்பமரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை. ராசு இடதுபக்கம் திரும்பிப் பார்த்தான், தோளைக் குலுக்கிக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டான்.

“யாருங்கண்ணா ஆண்டி?”

“எனக்குத் தெரியாதுங்க.” மாதையன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “கோடு போடுங்கன்னு சொன்னனுங்களே.”

அவள் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. எப்போதோ வைத்த பெயர் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும் என்று தேடினாள். அன்றைய ஃபைலில் DRIVER2 என்பதற்கு எதிரே ஒன்றுமில்லை. மெஷின் நினைவில் வைத்திருக்கும் பெயர்களை எல்லாம் பட்டியல் போட்டுப் பார்த்தாள். அதிலும் இல்லை. டிஸ்க் முழுக்க ANDI என்ற சொல்லைத் தேடச் சொன்னாள். பதினொரு நிமிஷம் தேடியது. ஒரு இடத்திலும் இல்லை. ஷீட்டை அச்சடிக்கும்போது மட்டும் அந்தப் பெயர் வந்து உட்கார்ந்தது.

சனிக்கிழமை ராசு திரும்பி வந்தான். சாவியை மேஜையில் வைத்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

“கணக்குத் தீர்த்துடச் சொல்லுங்க. நான் ஜலகண்டாபுரம் போயித் தறி ஓட்டிக்கறேன்.”

“ஏனுங்க, என்னாச்சு?”

“கர்னூல் தாண்டி நல்ல வெயில். கண்ணு சொக்குச்சுங்க. ஓரங்கட்டலாம்னு நெனச்சேன். அவ்வளவுதான் தெரியும். முழிச்சுப் பாத்தா... பின்னாடி பெர்த்துல படுத்திருக்கறேன். வண்டி ஓடிட்டிருக்குது.”

சௌந்திரம் தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“முன்னாடி ஒரு ஆளு. குட்டையா. தலையில துண்டு கட்டியிருக்குது. பீடி வாசம். திரும்பவே இல்லீங்க. நான் கண்ணை மூடிக்கிட்டேன். மறுபடி முழிக்கறப்ப ஹைதராபாத்தே தாண்டிப்போச்சு. வண்டி ஒரு டாபா முன்னால நிக்குது. ஒத்தை ஆளு மூணு நாள்ல போற ஊருக்கு ரெண்டே நாள்ல போயிட்டனுங்க.”

போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னான். “கெட்டது ஒண்ணும் பண்ணலீங்க. ஓட்டுச்சு, அவ்வளவுதான். ஆனா மறுபடி அந்தக் கேபின்ல ஏற என்னால ஆவாது.”

அன்றே சௌந்திரம் உட்கார்ந்து அந்தக் குறிகளைச் சேர்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை என்றால் கோடு போடு. காரணம் இருந்தது. திங்கட்கிழமை நாக்பூர் லோடுக்கு ஒற்றை ஆளாகப் போக வேண்டியவன் கந்தப்பன்.

மே 15. பன்னிரண்டுக்கு கரண்ட். 12.10க்கு பிரிண்டர்.

டிரைவர் கட்டத்தில் KANDAPPAN. செகண்ட் டிரைவர் கட்டத்தில்... கோடு இல்லை.

ANDI.

உள்ளே ஒன்றுமில்லை என்றால்தான் கோடு வரும். கோடு வரவில்லை. அப்படியென்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. DRIVER2க்குள் எத்தனை எழுத்து என்று மெஷினைக் கேட்டாள்.

0 என்றது.

மறுபடி அச்சடித்தாள். ANDI. மறுபடி. ANDI. நாலாவது தடவையும் அதே. வெளியே வெயில் நெருப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

“அம்மிணி, ஷீட்டு ஆச்சா?” கந்தப்பன் கதவில் நின்றான்.

“அண்ணா, இன்னைக்குப் போவேண்டாங்க.”

“லோடு ஏத்தியாச்சு. தார்ப்பாயும் கட்டியாச்சு. என்ன வெளையாட்டு?”

“ராசு சொன்னதைக் கேட்டீங்கல்ல?”

“தூக்கத்துல கனாக் கண்டிருப்பான்.” அவன் சிரித்தான். “அப்பிடியே ஒரு ஆளு வந்து ஓட்டுச்சுன்னா நல்லதுதான். நான் பாட்டுக்குத் தூங்கிட்டுப் போறேன்.”

முதலாளி அறையிலிருந்து குரல் வந்தது. “என்னம்மிணி லேட்டு?” அவரிடம் என்ன சொல்வது? மெஷினுக்குள் ஒரு ஆள் இருக்கிறான் என்றா?

மாதையன் மெதுவாக அருகில் வந்தார். “கையிலயே ஒரு கோடு போட்டுருங்க அம்மிணி. அதுதான் இங்கத்த வழக்கம். போட்டா ஒண்ணும் வராது.”

அது கார்பன் வைத்த இரட்டைக் காகிதம். மேல்தாள் லாரியோடு போகும், அடித்தாள் ஆபீஸில் நிற்கும். சௌந்திரம் மேஜையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தாள். கை நடுங்கியது. ஆரம்பித்த இடத்தில் மை திட்டாகத் தேங்கியது. அழுத்தி, ஒரே இழுப்பாக, ANDI என்ற பெயரின் மேல் கோடு போட்டாள். அண்ணனைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவளுக்கு நெஞ்சு லேசானது.

கேட்டில் ஒரே ஒரு பெயரைத்தான் வாசித்தாள்.

“டிரைவர் கந்தப்பன்!”

“இருக்கறேன்!”

லாரி நகர்ந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. இடதுபக்கக் கதவு தானாகத் திறந்தது. ஒரு ஆள் ஏறுகிற நேரம் திறந்தே இருந்தது... பிறகு... ‘டப்’.

மணி 12.40.

“அண்ணா!” என்று கத்தினாள். லாரி சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை மட்டும் ஆட்டினான். வேகமெடுத்து, பாலம் ஏறி, மறைந்துபோனான்.

செவ்வாய்க்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. அவள் சாப்பிடவும் இல்லை.

புதன்கிழமை, மே 17. பன்னிரண்டுக்கு கரண்ட் வந்தது. மெஷின் எழுந்தது. அன்றைக்கு எந்த லாரியும் புறப்படவில்லை. சௌந்திரம் கீபோர்டைத் தொடவே இல்லை.

12.10.

பிரிண்டர் தானாக ஓடியது.

‘கிர்ர்ர்... கிர்ர்ர்...’ இரண்டு வரி. நின்றுவிட்டது.

அவள் எட்டிப் பார்த்தாள்.

முதல் கட்டத்தில் ANDI.

இரண்டாவது கட்டத்தில்...

கோடு.

மத்தியானம் 1.45க்கு நாக்பூர் குடோனிலிருந்து டிரங்க் கால். முதலாளி எடுத்தார். சௌந்திரம் பக்கத்தில் போய் நின்றாள்.

“வண்டி வந்துடுச்சாம்.” தங்கசாமி ரிஸீவரைப் பொத்திக்கொண்டு சொன்னார். “பன்னெண்டு பத்துக்கே உள்ள வந்துடுச்சாம். லோடு அப்படியே இருக்குதாம். டிரைவர் ஷீட்டைக் குடுத்துட்டு, டீ குடிக்கப் போறேன்னு போனவரு... இன்னும் திரும்பலியாம்.”

“எத்தனை பேரு வந்தாங்கன்னு கேளுங்க.”

“ஒத்தை ஆளுதான் வந்தாராம். உங்கண்ணந்தான்.”

“ஆளு எப்படி இருந்தாருன்னு கேளுங்க!”

அவர் கேட்டார். அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். தங்கசாமியின் முகம் சாம்பலானது. ரிஸீவர் கையிலிருந்து நழுவி, மேஜையின் ஓரத்தில் தொங்கி ஆடியது.

“குட்டையா...” என்றார். “தலையில துண்டு...”



கந்தப்பனைத் தேடாத இடமில்லை. சௌந்திரமும் சொந்தக்காரர்களும் கர்னூல் வரை போனார்கள், ஹைதராபாத் போனார்கள், நாக்பூர் போனார்கள். சாலையோர டாபாக்களில் போட்டோவைக் காட்டினார்கள். அனந்தப்பூருக்கு இந்தப்பக்கம் ஒரு டீக்கடைக்காரர் அடையாளம் சொன்னார். உயரமான ஆள், இரண்டு டீ சொன்னார், ஒன்றைக் குடித்துவிட்டு ஒன்றை வண்டிக்கு எடுத்துக்கொண்டு போனார் என்றார். அதற்குப் பிறகு கந்தப்பனைப் பார்த்தவர் யாருமில்லை.

தங்கசாமி அன்று வீட்டுக்குப் போனவர்தான், திரும்ப ஆபீஸ் படி ஏறவில்லை. மாதையன் பத்து நாள் வாயே திறக்கவில்லை. பதினோராம் நாள், உச்சிவேளையில், கேட்டுக்கு வெளியே ஒரு பெண்மணி வந்து நின்றாள். நரைத்த தலை, வெளுத்த சேலை. தினமும் அதே நேரத்துக்கு வந்து சற்று நின்றுவிட்டுப் போகிறவள்தான். யாரோ பிச்சைக்காரி என்றுதான் சௌந்திரம் இதுவரை நினைத்திருந்தாள்.

“அது அங்கம்மாளுங்க” என்றார் மாதையன். “ஆண்டியோட சம்சாரம்.”

“ஆண்டியைத் தெரியாதுன்னீங்களே?” என்றாள் சௌந்திரம்.

“பத்து வருசமாச்சுங்க. அப்ப இங்க ஒரே வண்டி. முதலாளி டிரைவரு, ஆண்டி செகண்ட் டிரைவரு. ரெண்டு பேரும் இருக்கறேன்னு சொன்னதை இந்தக் காதால கேட்டனுங்க. போயிட்டு வந்தது ஒருத்தருதான். ஆண்டி எங்கீங்கன்னு கேட்டேன். அவன் வரவே இல்லையே, நான் ஒத்தையாத்தானே போனேன்னாரு. ஷீட்டை எடுத்துக் காட்டினாரு. ரெண்டாங் கட்டத்துல கோடு.”

“நீங்க சும்மா இருந்துட்டீங்களா?”

“சோறு போடற கைங்க அம்மிணி.” அவர் அழ ஆரம்பித்தார். “இந்த அங்கம்மா வந்து கேட்டப்பவும் அதே ஷீட்டைத்தான் காட்டினாங்க. அன்னையிலிருந்து ஒத்தை ஆளு போற ஒவ்வொரு ஷீட்டுலயும் கோடு போடச் சொன்னாரு. அந்த ஒரு கோடு தனியாத் தெரியப்படாதுங்களே. கோடு போட்ட வரைக்கும் ஒண்ணும் வரலீங்க, அதுதான் காவல்னு நானும் நம்பிட்டேன்.”

அன்று சாயங்காலம் சௌந்திரம் பழைய பீரோவைத் திறந்து தேடினாள். கிடைத்தது. 1979, மே. கையால் எழுதிய ஷீட். டிரைவர், தங்கசாமி. இரண்டாவது கட்டத்தில் தடித்த கோடு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். கோட்டுக்கு அடியில், வேறு மையில், தமிழில், ஆண்டி என்று இருந்தது. புறப்பட்ட நேரம் பகல் 12.10.

அதை அங்கம்மாளிடமே கொடுத்துவிட்டாள். வேலையையும் விட்டுவிட்டாள். ஒரு மனிதனை இல்லை என்று சொல்லப் போட்ட கோட்டைத்தான், காவல் என்று நம்பி, அவளும் போட்டிருக்கிறாள். காலியாக விட்டிருந்தால் அவன் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போயிருப்பான், ராசுவை விட்டதுபோல அண்ணனையும் விட்டிருப்பான். இந்த எண்ணம் அவளை இத்தனை வருஷமாக அரித்துக்கொண்டிருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஜூன் 3ஆம் தேதி நாக்பூர் குடோனிலிருந்து தபால் ஒன்று வந்தது. மாதையன் அதை வெண்ணந்தூருக்கே எடுத்து வந்து கொடுத்தார். உள்ளே அந்த ட்ரிப் ஷீட்டின் மேல்தாள். லாரியோடு போனது.

வேலையை விட்டபோதே சௌந்திரம் ஆபீஸ் பிரதியைக் கொண்டுவந்திருந்தாள். இரண்டையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

அடித்தாளில் முதல் கட்டத்தில் KANDAPPAN. இரண்டாவது கட்டத்தில் ANDI. அதன்மேல் கார்பனில் பதிந்த கோடு. அவள் போட்டபடியே.

மேல்தாளில் முதல் கட்டத்தில் ANDI.

இரண்டாவது கட்டத்தில் KANDAPPAN.

சிவப்புக் கோடு அந்தப் பெயரின் மேல் கிடந்தது. ஆரம்பித்த இடத்தில் மை திட்டாகத் தேங்கியிருந்தது. அது வேறு யாரும் போட்டதில்லை, என் கை நடுங்கினது எனக்குத் தெரியாதா என்று சௌந்திரம் இன்றைக்கும் சொல்கிறாள்.